பக்கிக்கு லித்தியம் பேட்டரி: உபயமா வந்தாலும் கேள்வி கேட்போம்



கார் நிறுத்துற இடத்துல இருந்து ஆலய வாசல் வரைக்கும் வயசானவங்களை ஏத்திட்டு வர்ற நம்ம பக்கிக்கு லித்தியம் பேட்டரி போடணும்னு வாட்ஸ்அப்பில் பேச்சு ஓடுது. தொண்டர்கள் நாங்க லித்தியத்துக்கு எதிரி இல்லை. "மலிவா ஒருத்தர் செஞ்சு தர்றார், பழசைக் கழட்டிட்டு இதை மாட்டினா முடிஞ்சது" என்கிற பேச்சுக்குத்தான் எதிரி.

நன்மை உண்டு. ஈய பேட்டரி ஆறும் சேர்ந்தா 150 கிலோவுக்கு மேல. லித்தியம் ஏறக்குறைய அதில் மூணில் ஒரு பங்குதான். தண்ணி ஊத்த வேண்டாம். திருவிழா நாள்ல நடுநடுவே சார்ஜ் போட்டும் ஓட்டலாம். ஆனா நாலு விஷயம் சரியா இருந்தாத்தான் இது நன்மை.

ஒண்ணு, செல். லித்தியத்துல பல வகை இருக்கு. நிக்கல், கோபால்ட் கலந்த வகை சூடானா சீக்கிரம் கட்டுப்பாட்டை மீறும். இரும்பு பாஸ்பேட் வகை அதை விட நிதானமானது. அதுக்காக அது எரியவே எரியாதுன்னு அர்த்தமில்லை. பழைய ஸ்கூட்டர்ல பிடுங்கின செல்லா, புது செல்லா? இதை எழுத்துல கேளுங்க.

ரெண்டு, பிஎம்எஸ். ஒவ்வொரு செல்லையும் கவனிச்சு, ஆபத்துன்னா மின்சாரத்தை வெட்டுற பலகை. மோட்டார் இழுக்கிற ஆம்பியருக்கு இது பத்தாதுன்னா, ஏற்றத்துல ஆறு பாட்டிமார்களோட வண்டி அப்படியே நின்னுடும்.

மூணு, சார்ஜர். 16 இரும்பு பாஸ்பேட் செல் சேர்ந்த பேட்டரிக்கு உச்ச அளவு 58.4 வோல்ட். ஈய பேட்டரி சார்ஜர் சிலது அதையும் தாண்டிப் போகும். அப்போ தினமும் பிஎம்எஸ்தான் காப்பாத்தணும். தொழிற்சாலையில போர்க்லிப்ட்டுக்கு லித்தியம் போட்டா அதுக்கேத்த சார்ஜரும் சேர்ந்துதான் வரும். கோயிலுக்கு மட்டும் ஏன் பழைய சார்ஜர்?

நாலு, சார்ஜ் போடுற இடம். இப்போ எண்ணெய், கற்பூரம், அட்டைப்பெட்டி அடுக்கின ஸ்டோர்ல போடுறோம். பக்கத்துலயே அன்னதான மண்டபம். சிங்கப்பூர் புக்கிட் பாத்தோக்கில் 2019-ல் மின் ஸ்கூட்டர்கள் தீப்பிடிச்ச வீட்டில் ஓர் உயிர் போச்சு. லித்தியம் தீ அணைஞ்ச மாதிரி இருந்து திரும்பவும் பத்தும். சின்ன தீயணைப்பான் பத்தாது. வெளியே, கூரை போட்ட தனி இடம் வேணும்.

"சர்டிபிகேட் இருக்கே" என்பார்கள். யூஎன் 38.3 என்பது பேட்டரியை ஏத்தி அனுப்புறதுக்கான சோதனை மட்டும்தான். பக்கி, போர்க்லிப்ட் மாதிரி வண்டிகளுக்கான பாதுகாப்புத் தரம் ஐஈசி 62619. அதைக் காட்டச் சொல்லுங்க.

"உபயம் கொடுக்கிறவர் மனசு நோகும்" என்றும் சொல்றாங்க. அன்னதானத்துக்கு வர்ற அரிசியில வண்டு இருக்கான்னு பார்க்காமலா உலையில போடுறோம்? அரிசிக்குப் பார்க்கிறோம், பாட்டி உட்கார்ற சீட்டுக்கு அடியில வைக்கிற பேட்டரிக்குப் பார்க்கக் கூடாதா?

நிர்வாகத்துக்கு எங்க வேண்டுகோள் இதுதான். நாலுக்கும் எழுத்துல பதில் வந்தா, புது பேட்டரியை நாங்களே தூக்கி வைக்கிறோம். வரலைன்னா, பழைய பேட்டரிக்கு இன்னும் ஒரு வருஷம் தண்ணி ஊத்துறதுல எங்களுக்குச் சிரமமே இல்லை.

நிர்வாகக் கூட்டத்துக்கு வாங்க. வந்து கேளுங்க.