முடிக்கத் தெரிந்த கதை

‘டார்க்’ என்ற ஜெர்மன் விஞ்ஞானத் தொடரின் மூன்றாம் பாகத்துக்காக நான் நாள் எண்ணியதைப் பார்த்து வீட்டில் கேலி செய்தார்கள். கதைப்படி உலகம் அழியும் நாள் 2020 ஜூன் 27. கடைசிப் பாகத்தை நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்டதும் அன்றுதான். ஆவல் வராமல் இருக்குமா?

அதுவே கடைசி என்பதும் என் ஆவலுக்கு ஒரு காரணம். 33 ஆண்டு இடைவெளிகளில் காலம் தாண்டிச் சிக்கிக்கொள்ளும் நான்கு குடும்பங்களின் கதையை மூன்றே பாகங்களில், 26 அத்தியாயங்களில் முடித்துவிட்டார்கள். உலகப் புகழ் கிடைத்த பின்னும் இழுக்கவில்லை. பிரிய மனமில்லைதான், ஆனாலும் நிறைவு இருந்தது.

நாமோ ஊர் நினைவுக்காக, ஆயிரம் அத்தியாயம் தாண்டியும் மாமியார் சதி தீராத நெடுந்தொடர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். முடிவே இல்லாத கதையில் யார் கண்ணீருக்கும் மதிப்பில்லை. நம் நேரத்தை மதிக்கும் கதைகளை நாமும் கேட்டு வாங்குவோமே!