பழுதாகாத கணினிக்கு யார் குறித்த கெடு?

தாராவியின் தொண்ணூறு அடிச் சாலையை ஒட்டிய சந்துகளில் ஓர் அறைக் கிளினிக்குகள் ஏராளம். அன்றாடக் கூலிகள் வேலை முடிந்து மாலையில் வந்து நிற்கும் இடங்கள் அவை. 2020 ஏப்ரலில் கொரோனா பரவியபோது கவச உடையணிந்து வீடு வீடாகச் சென்று பரிசோதித்தவர்களில் தனியார் மருத்துவர்களும் இருந்தனர்.

இத்தகைய கிளினிக்குகளின் மேசைக் கணினிகளுக்கு வாஷிங்டன் மாநிலத்திலுள்ள ஒரு நிறுவனம் நாள் குறித்தது. 2025 அக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும். 2016-இல் வாங்கிய கணினி எவ்வளவு நன்றாக ஓடினாலும் தள்ளுபடிதான். பழையதிலேயே நீடிக்க விரும்பும் தொழில் நிலையங்களுக்கு முதலாண்டில் கணினிக்கு 61 டாலர் கட்டணம். அது ஆண்டுதோறும் இரட்டிக்கும். நுகர்வோர் அமைப்புகள் நெருக்கியதும் ஐரோப்பிய வீட்டுப் பயனாளர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு இலவசமாயிற்று. போராடினால் ஏகபோகமும் இறங்கி வரும் போலும்!

பாதுகாப்புக் கவலை பொய்யன்று. 2017 மே மாதம் வான்னாகிரை தாக்குதலில் பிரிட்டன் அரசு மருத்துவமனைகள் முடங்கின. 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் கணினிகள் தாக்கப்பட்டு, பல நாட்கள் சீட்டும் பேனாவுமாகவே பணி நடந்தது. நோயாளியின் காசநோய்க் குறிப்பு திருட்டுப் போவதை எவரும் சகிக்க முடியாது. ஆனால் அந்தப் பாதுகாப்பின் செலவை யார் சுமப்பது? 2021 செப்டம்பரில் நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் ஒவ்வொருவருக்கும் 14 இலக்க எண் தருகிறது. எண்ணைத் தரும் ஒன்றிய அரசு, அதைப் பதியும் கணினியைப் பற்றியும் பேச வேண்டாமா? கிளினிக்கின் செலவு கடைசியில் நோயாளியின் கட்டணத்தில்தான் ஏறும்.

மாற்று இல்லாமலில்லை. சத்தீஸ்கரின் கனியாரியில் ஏழைகளுக்கான மருத்துவமனையில் வேர்விட்ட 'பாம்னி' கட்டற்ற மென்பொருள். உலாவியிலேயே இயங்குவதால் மருத்துவரின் மேசையில் விலையுயர்ந்த கணினி தேவையில்லை. பொதுத்துறையான சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் இருக்கிறது. கேரள அரசுப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளில் ஆண்டுக்கணக்காக இயங்குகின்றன. பள்ளிக்கு முடிந்தது கிளினிக்குக்கு முடியாதா? மாநகராட்சியின் சயான் மருத்துவமனையும் சுற்றியுள்ள சிறு கிளினிக்குகளும் பயன்படுத்தத்தக்க ஒரே பொது மென்பொருளையும் அதற்கான பராமரிப்பு ஊழியர்களையும் அரசுச் செலவில் தர வேண்டும்.

இல்லையேல் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் ஒதுக்கப்படும் கணினிகளின் நெகிழி உறைகள் தாராவியின் பதிமூன்றாம் காம்பவுண்டுக்கே வந்து சேரக்கூடும். அங்கே கையுறையின்றி அவற்றை உடைத்துத் தரம்பிரிக்கும் தொழிலாளி, இருமல் வந்தால் போய் நிற்பது அதே சந்துக் கிளினிக்கில்தான்.