சிறைக் கைதியின் வழக்கும் சர்க்காரின் கவசமும்

ராஜபாளையத்து மில் தொழிலாளிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் புதிதல்ல. ஜில்லாக் கோர்ட் அங்கேதான் இருக்கிறது. அவன் அங்கே எதிரியாகக் கூண்டில் நிற்பது சுலபம். "சிறையில் என்னை வதைத்தார்கள், நஷ்ட ஈடு வேண்டும்" என்று வாதியாக வந்து நிற்பது சுலபமா?

சேலம் சிறையை நாம் மறக்கவில்லை. 1950 பிப்ரவரி 11 அன்று 22 கம்யூனிஸ்டுக் கைதிகள் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு மே 19-ல், தோழர் ஏ. கே. கோபாலனின் ஆட்கொணர்வு மனுவை சுப்ரீம் கோர்ட் தள்ளுபடி செய்தது.

ஆந்திராவில் கோயில்குண்ட்லா சப்-ஜெயிலைப் பாருங்கள். தங்கள் உயிருக்கு ஆபத்து என்று தந்தையும் மகனும் முன்கூட்டியே சொன்னார்கள். போதிய காவல் போடவில்லை. 1977 மே மாதம் ஓர் இரவில் எதிரிகள் உள்ளே புகுந்து குண்டு வீசினர்; தந்தை மாண்டார். மகன் சர்க்கார் மீது வழக்குத் தொடுத்தார். அதிகாரிகளின் அலட்சியம் உண்மைதான் என்று கண்ட கீழ்க்கோர்ட், கெடு கடந்துவிட்டது என்று வழக்கைத் தள்ளிவிட்டது! ஹைகோர்ட் 1,44,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. சர்க்கார் விட்டதா? "இறைமை அதிகாரம்" என்ற கவசத்தை மாட்டிக்கொண்டு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 2000-ஆம் ஆண்டில்தான் அங்கே தோற்றது. சாவுக்கும் தீர்ப்புக்கும் நடுவே 23 ஆண்டுகள்!

அந்தக் கவசம் எங்கிருந்து வந்தது? போலீஸ் பிடியில் இருந்த ஒரு வியாபாரியின் தங்கத்தை ஹெட் கான்ஸ்டபிள் ஒருவரே சுருட்டிக்கொண்டு ஓடிய வழக்கில், சர்க்கார் பொறுப்பல்ல என்று 1964-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. இதற்குச் சட்டசபைகள் சட்டம் செய்ய வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

கைதிகளெல்லாம் வழக்குப் போட்டால் சிறை நிர்வாகம் என்னாவது என்பார்கள். பொய் வழக்கை விசாரித்துத் தள்ளட்டும், ஆட்சேபணை இல்லை. உண்மை வழக்கைக் கெடு காட்டித் தள்ளுவதைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

நாம் கோருவது இதுதான். காவலில் நடக்கும் கொடுமைக்கு சர்க்காரைப் பொறுப்பாக்கும் தெளிவான சட்டம் வேண்டும். சிறையில் கழிந்த நாட்களை வழக்குக் கெடுவில் சேர்க்கக் கூடாது. காவலில் உள்ளவருக்கு இலவச வக்கீல் உதவி உண்டு என்று 1987-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. அந்த வக்கீல் சப்-ஜெயில் வாசல் வரை வரவேண்டும்.

கைதியும் பிரஜைதான். சிறைக் கதவு அவனைப் பூட்டலாம். அவனுடைய உரிமையைப் பூட்டக் கூடாது.