மசோதாவும் மௌனமும்: கவர்னரின் சம்மதம் குறித்து நம் சங்கத்தின் நிலைப்பாடு

மாகாணச் சட்டசபைகள் நிறைவேற்றும் மசோதாக்களின்மீது கவர்னருக்குள்ள அதிகாரத்தைக் குறித்து ஜனாதிபதி எழுப்பிய பதினான்கு கேள்விகளுக்கு, சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2025 நவம்பர் 20-ஆம் தேதி அளித்த அபிப்பிராயத்தைச் செயற்குழு இருமுறை கூடி நெடுநேரம் ஆராய்ந்து, அங்கத்தினர்களின் பல்வேறு கருத்துகளையும் கூடியவரை ஒன்றுபடுத்தி, இந்த அறிக்கையை வெளியிடுகிறது. கிண்டியிலுள்ள கவர்னர் மாளிகைக்குப் போன மசோதாக்களின் சரித்திரத்தை நம் அங்கத்தினர்களுக்கு மறுபடியும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அவற்றுள் பெரும்பாலானவை நாம் பாடம் சொல்லும் சர்வகலாசாலைகளைப் பற்றியவை என்பதும், அவற்றுக்குச் சம்மதம் கிடைத்ததாகவே கொண்ட சுப்ரீம் கோர்ட்டின் 2025 ஏப்ரல் 8-ஆம் தேதித் தீர்ப்பைக் கேட்டு நாம் அடைந்த ஆறுதல் எத்தனை நாள் நீடித்தது என்பதும் எல்லோரும் அறிந்தவை.

நாட்டின் மிக உயர்ந்த நீதிஸ்தலத்தின் அபிப்பிராயத்துக்கு உரிய மரியாதையை இச்சங்கம் செலுத்துகிறது. சம்மதத்தை நிறுத்திவைத்து, சபைக்குத் திருப்பியும் அனுப்பாமல், மசோதாவை அப்படியே மடிய விடுவதற்குக் கவர்னருக்கு அதிகாரம் இல்லை என்று அமர்வு கூறியிருப்பதை முழுமனதுடன் வரவேற்கிறது. காரணம் சொல்லாமல் காலவரையின்றி வாளாவிருந்தால், ஏதேனும் ஒரு முடிவு செய்யும்படி நியாயஸ்தலம் கட்டளையிடலாம் என்று சொல்லியிருப்பதையும், அது செல்லும் தூரம் வரையில், நன்மையென்றே கருதுகிறது. ஆயினும் சம்மதிப்பதா, திருப்பியனுப்புவதா, ஜனாதிபதிக்கு ஒதுக்கிவைப்பதா என்று தேர்ந்தெடுப்பதில் கவர்னர் மந்திரிசபையின் ஆலோசனைக்குக் கட்டுப்பட்டவர் அல்லர் என்பதையும், அவருக்குக் காலவரம்பு எதையும் நியாயஸ்தலம் விதிக்கலாகாது என்பதையும் நாம் ஏற்பதற்கில்லை. குறைந்தபட்சம், அவற்றை இப்பிரச்சினையின் கடைசி வார்த்தையாக ஏற்பதற்கில்லை.

பார்லிமெண்டரி ஆட்சியின் உயிர்நாடி பொறுப்பு என்ற ஒன்றே. ஒரு மந்திரி செய்த காரியத்துக்குக் கேள்வி நேரத்தில் பதில் சொல்ல வேண்டும். சொல்லத் தவறினால் சபை அவரை விடாது. சபையின் நம்பிக்கையை இழந்தால் மந்திரிசபை ஒருநாளும் நிற்காது. கவர்னரோ சபையில் வந்து பதில் சொல்பவர் அல்லர். ஜனங்களின் வாக்கினால் வந்தவரும் அல்லர். 361-ஆம் ஷரத்தின்படி தம் பதவிக் காரியங்களுக்காக எந்த நியாயஸ்தலத்துக்கும் அவர் நேரில் பொறுப்பாளி அல்லர். யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத ஒருவரிடம், பதில் சொல்ல வேண்டியவர்கள் செய்த சட்டத்தை அவருடைய சொந்த விவேகப்படி தடுத்துவைக்கும் அதிகாரத்தைக் கொடுப்பது, கவர்னர் பொதுவாக மந்திரிசபையின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டின் ஏழு நீதிபதிகள் 1974-ல் ஷம்ஷேர் சிங் வழக்கில் தெளிவுபடுத்திய தத்துவத்தோடு எவ்வாறு பொருந்தும் என்று எங்களுக்கு விளங்கவில்லை. எழுதப்பட்ட சாசனமே இல்லாத இங்கிலாந்தில் மகுடம் ஒரு மசோதாவுக்குச் சம்மதம் மறுத்தது 1708-ல், ஆன் ராணியின் காலத்தில். அதற்குப் பின் இல்லை. வழக்கத்தை மட்டும் நம்பியவர்கள் காத்த வரம்பை, எழுதிவைத்துக்கொண்ட நாம் காக்க முடியாதென்றால், எழுதியது எதற்கு?

கவர்னருக்கு இந்தச் சொந்த விவேக அதிகாரம் தருவது சாசனத்தை எழுதியவர்களின் கருத்தும் அன்று. 1948-ஆம் ஆண்டு நகல் சாசனத்தின் 175-ஆம் ஷரத்தில், மசோதாவைத் திருப்பியனுப்புவது பற்றிய இடத்தில், கவர்னர் 'தம் விவேகப்படி' என்ற சொற்கள் இருந்தன. கவர்னரைத் தேர்தலால் அன்றி நியமனத்தால் அமர்த்துவதென்று முடிவான பிறகு, அரசியல் நிர்ணய சபை 1949-ல் அந்தச் சொற்களை எடுத்தெறிந்தது. திருப்பியனுப்பும் காரியத்தில் கவர்னருக்குச் சொந்த விவேகம் என்பது இனி இல்லை என்று அந்தச் சபையில் எழுந்து விளக்கியவர் நம் சென்னையிலிருந்து சென்ற டி. டி. கிருஷ்ணமாச்சாரி அவர்கள். வேண்டாமென்று நீக்கிய சொற்களை, எழுபத்தாறு வருஷங்களுக்குப் பின் அர்த்தத்தின் வழியே மீண்டும் உள்ளே கொண்டுவருவது முறையாகாது.

காலத்தைப் பற்றிய வாதத்தையும் நேர்மையாக எதிர்கொள்ள விரும்புகிறோம். மேல்சபை ஒரு மசோதாவை முதல்முறை மூன்று மாதத்துக்கு மேல் நிறுத்திவைக்க முடியாதென்றும், சட்டசபை கூடியபின் அவசரச் சட்டம் ஆறு வாரத்தில் காலாவதியாகும் என்றும் எண்ணி எழுதியவர்கள், கவர்னரின் சம்மதத்தைப் பற்றிய 200-ஆம் ஷரத்தில் அவருக்கு எண் எதுவும் எழுதவில்லை. ஆகையால் நெகிழ்ச்சியை வேண்டியே விட்டார்கள் என்பது எதிர்த்தரப்பின் வாதம். உண்மைதான், எழுதவில்லை. ஆனால் ஜனாதிபதியைப் பற்றிய இணையான ஷரத்தின் நகலில் ஆறு வாரம் என்று இருந்ததும், டாக்டர் அம்பேத்கர் அதை மாற்றி 'இயன்றவரை விரைவில்' என்று வைத்ததும், அந்தச் சொற்றொடர் தெளிவற்றது என்று சபை அங்கத்தினர் எச். வி. காமத் அப்போதே ஆட்சேபித்ததும் சபையின் நடவடிக்கைகளில் அச்சேறியிருக்கின்றன. ஆறு வாரத்துக்கும் முன்னதாகவே முடியட்டும் என்று எண்ணி வைத்த சொல், ஆறு வருஷத்துக்கும் இடம் கொடுக்கும் சொல்லாக மாறியிருக்கிறது. காமத் அவர்களின் அச்சம் எவ்வளவு சரியானது என்பதைத் தமிழ்நாடு தன் செலவில் கற்றுக்கொண்டது. 2020 ஜனவரியில் போன மசோதாவுக்கு 2023 நவம்பரில், அதுவும் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்த பிறகு, வந்த பதில் 'சம்மதம் நிறுத்தப்பட்டது' என்பதே. காரணம் ஒரு வரி இல்லை. ஒரு மாணவன் விண்ணப்பத்துக்கு மூன்று வருஷம் பதில் சொல்லாத குமாஸ்தாவை எந்த அலுவலகமும் வைத்துக்கொள்ளாது. ஏழு கோடிப் பேரின் பிரதிநிதிகள் அனுப்பிய காகிதத்துக்குப் பதில் சொல்லாமல் இருப்பதை மட்டும் அரசியல் சாசன விவேகம் என்று அழைக்க வேண்டுமாம். இதை மிதமான சொற்களில் எழுத வேண்டுமென்று செயற்குழுவில் சிலர் விரும்பினர். இதற்குமேல் மிதமாக எழுத எங்களால் முடியவில்லை.

அந்த மௌனத்தின் விலையை நாமும் நம் மாணவர்களும் கொடுத்திருக்கிறோம். சென்னை சர்வகலாசாலையில் துணைவேந்தர் பதவி 2023 ஆகஸ்டிலும், கோவை பாரதியாரில் அதற்கு முன்பே 2022-லும் காலியாயின. துணைவேந்தர் இல்லாத இடத்தில் ஒரு குழு அன்றாடக் காரியத்தைப் பார்க்கலாம். ஒரு சர்வகலாசாலையை நடத்த முடியாது. ஆசிரியர் நியமனமும் பாடத்திட்டச் சீர்திருத்தமும் ஆராய்ச்சி மாணவனின் வருஷங்களும் யாரோ ஒருவர் எழுதாத ஒரு கையெழுத்துக்காகக் காத்துக்கிடக்கின்றன. ஏப்ரல் தீர்ப்பினால் உயிர்பெற்ற துணைவேந்தர் நியமனச் சட்டங்களையும் 2025 மே 21-ஆம் தேதி சென்னை ஹைகோர்ட் இடைக்காலத் தடையால் நிறுத்தியது. அவ்வழக்கின் நியாய அநியாயம் பற்றி இங்கே நாம் ஒன்றும் சொல்லவில்லை.

சட்டசபை அவசரப்பட்டுச் செய்த சட்டத்துக்கு ஒரு கடிவாளம் வேண்டும் என்று கருதும் அங்கத்தினர்களும் நம்முள் உண்டு. அவர்கள் கருத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. காரணங்களோடு திருப்பியனுப்புவதே அந்தக் கடிவாளம். ஆன்லைன் சூதாட்டத் தடை மசோதா 2022 அக்டோபரில் நிறைவேறி, நான்கு மாதத்துக்கு மேல் தங்கி, 2023 மார்ச்சில் திரும்பி வந்தது; வந்தபின் சபை அதே மாதம் மறுபடி நிறைவேற்றியது, ஏப்ரலில் சம்மதம் கிடைத்தது. திருப்பியனுப்பிய பிறகு எல்லாம் ஒரு மாதத்தில் முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். தாமதம் முழுதும் அதற்கு முந்தைய மௌனத்தில்தான்.

இக்குறை ஒரு கட்சியின் குறை அன்று. பஞ்சாபும் கேரளமும் தெலங்கானாவும் மேற்கு வங்காளமும் வெவ்வேறு கட்சிகளின் ஆட்சியில் இருந்தபோது இதே முறையீட்டோடு சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றன. கவர்னர் பதவியே வேண்டுமா என்ற கேள்வியில் இச்சங்கம் இப்போது அபிப்பிராயம் கூறவில்லை. சர்வகலாசாலைகளில் கவர்னர் வகிக்கும் வேந்தர் பதவி பற்றிய நம் பழைய தீர்மானங்கள் அப்படியே நிற்கின்றன. காலம் கடந்தால் சம்மதம் கிடைத்ததாகவே கொள்ளலாமா என்பதில் செயற்குழு ஒருமித்த கருத்துக்கு வராததால், அதை மாநில மாநாட்டுக்கு விட்டிருக்கிறோம்.

எங்கள் கோரிக்கை இது: காலவரம்பை விதிப்பது நியாயஸ்தலத்தின் வேலை அன்று என்றால், அது பார்லிமெண்டின் வேலை. 368-ஆம் ஷரத்தின் வழியே 200, 201 ஆகிய ஷரத்துகளைத் திருத்தி, கவர்னர் எந்த முடிவானாலும் எழுத்தில் காரணங்களோடு தெரிவிக்க ஆறு வாரமும், ஜனாதிபதிக்கு அதற்கேற்ற ஒரு வரம்பும் குறிக்க வேண்டும். மத்திய-மாநில உறவுகளை ஆராய்ந்த புஞ்சி கமிஷன் 2010-லேயே ஆறு மாதம் என்று சிபாரிசு செய்தது; அதற்குக்கூட இன்றுவரை வழி பிறக்கவில்லை. பொதுச்செயலாளர் இவ்வறிக்கையின் பிரதியைத் தமிழ்நாட்டின் எல்லாப் பார்லிமெண்ட் அங்கத்தினர்களுக்கும், கட்சி பேதமின்றி, அனுப்புவார். ஒவ்வொரு கிளையும் தன் கல்லூரி அறிவிப்புப் பலகையில், சர்வகலாசாலைகளைப் பற்றிய ஒவ்வொரு மசோதாவும் சபையில் நிறைவேறிய தேதியை ஒரு பத்தியிலும், கிண்டியிலிருந்து பதில் வந்த தேதியை அதன் எதிர்ப்பத்தியிலும் எழுதிவைக்க வேண்டும். பதில் வராதவற்றுக்கு எதிரே இடத்தை வெறுமையாகவே விட்டுவைக்க வேண்டும்.