கழுகுக்குப் பொங்கல், பக்தனுக்கு என்ன?

செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையிலுள்ள திருக்கழுக்குன்றத்து மலையில், நடுப்பகலில் இரண்டு கழுகுகள் வந்து பூசாரி வைத்த சர்க்கரைப் பொங்கலைத் தின்றுவிட்டுப் போவது வெகுகாலம் நடந்துவந்த சங்கதியாகும். அவை சாபம் பெற்ற முனிவர்கள் என்றும், காசிக்கும் இராமேசுவரத்துக்கும் பறக்கிற வழியில் இங்கே பசியாறுகின்றன என்றும் ஜனங்களுக்குச் சொல்லப்பட்டு வந்தது. 1990களின் கடைசிக்குப் பிறகு கழுகுகள் வருவதில்லை. கதை மட்டும் நின்றபாடில்லை.

முனிவர் என்னப்பட்டது, செத்த மாட்டையும் மலத்தையும் தின்னும் மஞ்சள்முகப் பாறு என்கிற பறவையேயாகும். தினந்தோறும் ஒரே இடத்தில், ஒரே வேளையில் சோறு வைத்தால் எந்தப் பறவைதான் வராது? நம் வீட்டுக் கூரைக்குக் காக்கை வரவில்லையா? இதற்குச் சாபம் எதற்கு, முனிவர் எதற்கு என்று கேட்கின்றோம்.

இவ்விஷயத்தை மேனாட்டார் சோதித்தே பார்த்துவிட்டார்கள். ருஷியாவில் பாவ்லவ் என்பார், நாய்க்குச் சோறு வைக்குமுன் ஓர் ஓசையை எழுப்பிப் பழக்கினார். பிறகு வெறும் ஓசைக்கே அதன் வாயில் எச்சில் ஊறிற்று. 1913-ல் அமெரிக்காவில் வாட்சன், கண்ணுக்குத் தெரியாத மனதைப் பற்றி யூகம் செய்வதை விட்டு, கண்ணால் காணும் நடத்தையை ஆராய்வதே மனோதத்துவத்தின் வேலை என்றார். 1948-ல் ஸ்கின்னர், பசித்த 8 புறாக்களைக் கூண்டிலிட்டு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த நேரத்துக்கொரு முறை தீனி வரும்படி வைத்தார். அவற்றில் 6 புறாக்கள் தங்கள் செய்கையால்தான் தீனி வந்ததுபோல் நடக்கத் தலைப்பட்டன. ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது. ஒன்று தலையை ஆட்டிற்று. இதற்கு அவர் இட்ட பெயரே மூடநம்பிக்கை என்பது. பின்வந்தவர்கள் வேறு விளக்கமும் சொன்னதுண்டு. ஆயினும், படையல் போட்ட மறுவாரம் மழை பெய்தால் படையலால்தான் பெய்தது என்கிறவனுக்கும் அப்புறாவுக்கும் என்ன வித்தியாசம்?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கழுகு வராத நாளில், கூட்டத்தில் பாவி இருக்கிறான் என்றார்கள். வந்தால் மகிமை, வராவிட்டால் உன் பாவம்! தவறாமல் கிடைத்துவந்த தீனி நின்றால் பழக்கம் சீக்கிரம் அற்றுப்போகும்; எப்போதோ ஒருதரம் கிடைக்கும் தீனியால் உண்டான பழக்கமோ லேசில் அறாது என்பது ஆராய்ச்சியில் கண்ட முடிவு. சூதாட்டமும் ஜோசியமும் பிழைத்திருப்பது இதனாலேயேயாம்.

நிற்க, ஜாதியும் இவ்விதம் பழக்கப்பட்டதேயல்லாமல் பிறவியில் வந்ததல்ல. விலகி நின்ற பிள்ளைக்கு மெச்சுதலும், கூடி உண்ட பிள்ளைக்கு அடியும் கொடுத்தே ஜாதியை வளர்த்தார்கள். பாவ்லவின் ஓசைக்கு நாய் எச்சில் ஊறியதுபோல், ஜாதிப் பட்டத்தைக் கேட்டதும் ஏழையின் முதுகு வளைந்தது. ஆகவேதான் 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் செங்கல்பட்டில் தோழர் சௌந்தரபாண்டியன் தலைமையில் கூடிய முதலாவது மாகாண சுயமரியாதை மாநாடு, பெயரோடு ஜாதிப் பட்டம் சேர்ப்பதை விட்டொழிக்கும்படி தீர்மானித்தது. ஓசை நின்றால் வளைவும் நிற்கும்.

தோழர்களே! புறாவால் தன்னைப் பழக்கியவன் யார் என்று கேட்க முடியாது. மனிதனால் முடியும். ஆதலால் உங்கள் குழந்தை “ஏன்?” என்று கேட்கும்போது அதட்டாதீர்கள், மெச்சுங்கள். அந்த ஒரு பழக்கம் பலப்பட்டால், மற்ற அடிமைப் பழக்கங்கள் தாமே உதிரும்.