பழைய வாகனமும் பரக்கத்தும்

வெள்ளிக்கிழமையன்று மார்க்கம் பேச வேண்டிய இடத்தில் மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசுவதா என்று வாசக அன்பர்கள் சிலர் வியக்கக் கூடும். மத்ரஸாக்களில் ஓதப்படும் சட்ட நூல்களைப் புரட்டிப் பார்த்தால் அந்த வியப்பு நீங்கிவிடும். தொழுகை, ஜகாத், நோன்பு, ஹஜ் ஆகிய பாடங்கள் முடிந்ததும் அந்நூல்கள் நேராகக் கடைத்தெருவுக்கு வந்துவிடுகின்றன. விற்பனை, குறையுள்ள பொருளைத் திருப்பித் தருதல், அடைமானம், கடன் என்று விரியும் அப்பாடங்களில் ஒட்டகமும் குதிரையும் திரும்பத் திரும்ப வருகின்றன. அக்காலத்து மனிதனுக்கு அவையே வாகனம். இக்காலத்தில், நம்மைப் போன்ற எளிய குடும்பத்தாருக்கு ஒற்றைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிளே ஒட்டகம், அதுவே குதிரை.

திருச்சி மாவட்டம் துறையூர் வட்டத்தில் மலையடிவாரத்து ஊராகிய உப்பிலியபுரத்தை நினைத்துப் பாருங்கள். அவ்வூரைச் சேர்ந்த ஓர் இளைஞர் துறையூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார் என்று வைத்துக் கொள்வோம். கடை அடைத்து அவர் வெளியே வருவதற்குள் இரவு நெடுநேரமாகிவிடும். பேருந்து இருந்தால் ஏறுவார். தவறவிட்டால் நிலையத்தில் காத்துக் கிடப்பார். இத்தகையவருக்கு இரு சக்கர வாகனம் ஆடம்பரமன்று. அவருடைய சம்பாத்தியமே அதைச் சார்ந்திருக்கிறது.

அவர் புது வண்டிக்கடைக்குச் சென்றால், முன்பணம் சிறிது கட்டினால் போதும், மீதியைத் தவணையில் செலுத்தலாம் என்று இன்முகத்துடன் வரவேற்பார்கள். அத்தவணைக்குள் இருப்பது வட்டி. வட்டியை உண்பவர், கொடுப்பவர், எழுதுபவர், சாட்சி நிற்பவர் ஆகிய அனைவரையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்தார்கள் என்னும் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. நம் இளைஞர்களில் பெரும்பாலோர் இதை அறியாதவர்கள் அல்லர். வேறு வழியில்லை என்று சொல்லித்தான் கையொப்பமிடுகிறார்கள். வழி உண்டு. சேர்த்து வைத்த தொகைக்கு, பிறர் ஓட்டிய வண்டியொன்றை ரொக்கத்துக்கு வாங்குவதே அவ்வழி.

இதில் இழிவு ஏதுமில்லை. ஹிஜ்ரத் பயணத்துக்காக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏறிய ஒட்டகம் ஹஸரத் அபூபக்கர் (ரலி) அவர்கள் தீனி போட்டு வளர்த்து வைத்திருந்தது. அன்பளிப்பாகவே அதைக் கொடுக்க அவர்கள் முன்வந்தபோது, விலைக்கே பெற்றுக் கொள்வதாக நாயகம் (ஸல்) அவர்கள் உறுதியாகச் சொன்னதை ஸஹீஹ் புகாரி தெரிவிக்கிறது. மற்றொருவர் வைத்திருந்த வாகனத்தை விலை பேசி வாங்கி, அதிலேறி இஸ்லாமிய ஆண்டுக் கணக்கையே தொடங்கி வைத்த உம்மத் நாம். பக்கத்து வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று பழைய வண்டிக்குக் கூசுகிறவர், வட்டிக்கு எழுதிக் கொடுக்கக் கூசாமலிருப்பது விந்தையிலும் விந்தை.

வண்டியின் அமைப்பும் இதற்கு இடமளிக்கிறது. 1985-இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்தது; 1994-இல் ஸ்பிளெண்டர் வந்தது. 97.2 சி.சி. கொண்ட அந்த நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினும் அதன் வழிவந்தவையும் சிற்றூர் மெக்கானிக் பிரித்துப் பூட்டக் கூடிய எளிய அமைப்புடையவை. உதிரிபாகங்களும் எளிதில் கிடைக்கும். முறையாக ஆயில் மாற்றி, செயினைக் கவனித்து வந்தால் மூன்றாம் கைக்கு வந்த பிறகும் நெடுங்காலம் உழைக்கும். 15 ஆண்டுகள் கடந்த வண்டியாயின் பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதை மட்டும் வாங்குபவர் மறக்கலாகாது.

ஆகவே வட்டியிலிருந்து ஏழையைக் காக்கும் வாசல் ஒன்று திறந்திருக்கிறது. அந்த வாசலை அடைப்பவர் யார்? வட்டிக்காரர் அல்லர், வண்டியின் குறையை மறைத்து விற்பவரே அடைக்கிறார். ஒருமுறை ஏமாந்த இளைஞர், வாங்கிய மறுமாதமே எஞ்சினைப் பிரித்துப் பெருஞ்செலவு செய்தவர், அடுத்த முறை நேராகத் தவணைக் கடைக்குத்தான் போவார். அவருடைய தம்பியும் மைத்துனரும் அவரைப் பின்பற்றுவார்கள். வட்டியை மேடைதோறும் கண்டிக்கிற நாம், அதற்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் இந்த மோசடியைக் கண்டிப்பதில்லை. என் மனத்தை உறுத்துவது இதுவே.

இந்த மோசடி எப்படி நடக்கிறது என்பதைக் கேட்டால் மாட்டுச் சந்தையே தோற்றது என்பீர்கள். பிஸ்டன் ரிங் தேய்ந்து புகை தள்ளும் எஞ்சினில் கெட்டியான ஆயிலை ஊற்றிவிட்டால் சில நாட்களுக்குச் சத்தமும் அடங்கும், புகையும் குறையும். காலையில் எளிதில் ஸ்டார்ட் ஆகாத வண்டியை, வாங்குபவர் வருவதற்குச் சற்று முன்பே ஓட்டிச் சூடேற்றி வைத்திருப்பார்கள். விழுந்து வளைந்த பாகத்தின் மேல் புதுப் பெயிண்ட் அடித்துவிடுவார்கள். ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரைக் குறைத்து வைப்பது இப்போது சர்வ சாதாரணம். மீட்டர் 15,000 கிலோமீட்டர் என்று காட்டும். கால் வைக்கும் ரப்பரும் பிரேக் மிதியுமோ வழவழவென்று தேய்ந்து உண்மையைச் சொல்லிக் கொண்டிருக்கும். இவற்றோடு தரகரும் சேர்ந்து கொள்வார். நேற்றே ஒருவர் இவ்வளவுக்குக் கேட்டுவிட்டுப் போனார் என்று, கேட்காத விலையைக் கேட்டதாகச் சத்தியம் செய்வார். கடைவீதியில் இதே பொய்ச் சத்தியத்தைச் செய்த ஒருவர் விஷயமாகவே ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 77-ஆவது வசனம் அருளப்பட்டதென்று அப்துல்லாஹ் இப்னு அபீ அவ்ஃபா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பெட்ரோல் டேங்கின் மேல் வாகன துஆவை அழகாக ஒட்டி வைத்துவிட்டு, அதற்கு ஒரு சாண் முன்னால் உள்ள மீட்டரைத் திருத்தி விற்பவரை என்னவென்று சொல்வது!

ஆட்டின் அல்லது ஒட்டகத்தின் மடியைக் கட்டி, பாலைத் தேக்கி, நிறையக் கறப்பது போல் காட்டி விற்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி வாங்கியவர் கறந்து பார்த்து, விரும்பினால் வைத்துக் கொள்ளலாம், விரும்பாவிடில் ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் பிராணியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றும் தீர்ப்பளித்தார்கள். கெட்டி ஆயிலும் சூடேற்றிய எஞ்சினும் கட்டப்பட்ட மடியேயன்றி வேறென்ன? மேலே உலர்ந்த தானியமும் உள்ளே ஈரமுமாக இருந்த குவியலில் கைவிட்டுப் பார்த்த நாயகம் (ஸல்) அவர்கள், நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். அந்த வியாபாரி தானியத்தை நனைக்கவில்லை. மழை நனைத்தது. தாமாகப் பெய்த மழையை மறைத்ததற்கே இந்த எச்சரிக்கை என்றால், மீட்டரைத் தம் கையால் திருப்புபவரின் நிலையைச் சிந்திக்க வேண்டும்.

இங்கே ஒரு தப்பும் வழி சொல்லப்படுகிறது. வண்டி உள்ளது உள்ளபடி, பிறகு எதற்கும் நான் பொறுப்பல்ல என்று முதலிலேயே சொல்லிவிட்டால் கடமை தீர்ந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். இது பழைய பிரச்சினையே. இப்னு உமர் (ரலி) அவர்கள் ஓர் அடிமையை எண்ணூறு திர்ஹத்துக்கு இத்தகைய நிபந்தனையுடன் விற்றார்கள். வாங்கியவர், அவரிடம் நோய் இருப்பதைத் தமக்குச் சொல்லவில்லை என்று முறையிட்டார். விற்றபோது அந்நோயைத் தாம் அறிந்திருக்கவில்லையென்று சத்தியம் செய்யும்படி கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் சத்தியம் செய்ய மறுத்துத் திரும்பப் பெற்றுக் கொண்டார்கள். இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் உள்ள செய்தி இது. ஹனஃபி மத்ஹபில் இத்தகைய நிபந்தனை செல்லும். ஷாஃபிஈ மத்ஹபிலோ, உயிர்ப்பிராணியிடம் உள்ள, விற்பவரே அறியாத உட்குறைக்கு மட்டுமே அது பயன்படும். இரும்பு வண்டிக்கு அது கேடயமாகாது. எந்த மத்ஹபாயினும், அறிந்த குறையை மறைப்பது பாவம் என்பதில் இரு கருத்தில்லை.

மெக்கானிக்குகளுக்கும் ஒரு சொல். அருகில் நின்று குறையை அறிந்தும், நமக்கேன் வம்பு என்று வாய்மூடி இருப்பவர்கள் வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) அவர்களை நினைக்க வேண்டும். ஒருவர் முந்நூறு திர்ஹத்துக்கு ஒட்டகம் வாங்கிச் செல்வதைக் கண்ட அந்த ஸஹாபி பின்னாலேயே விரைந்து சென்று, இறைச்சிக்காக வாங்கினீரா, சவாரிக்காகவா என்று கேட்டார்கள். சவாரிக்கு என்றார் அவர். அப்படியாயின் அதன் குளம்பில் ஓட்டை இருக்கிறது, நெடும் பயணம் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். விற்றவருக்கு நூறு திர்ஹம் நட்டம், கோபமும் வந்தது. குறையை அறிந்தவர் சொல்லாமலிருப்பது ஆகாது என்று நாயகத்திடம் தாம் கேட்டிருப்பதாக அவர்கள் விடையளித்தார்கள்.

வாங்குபவரும் இதில் தப்ப முடியாது. மருத்துவச் செலவுக்காக அவசரத்தில் விற்பவரிடம் பாதி விலைக்கு அடித்துப் பேசுவதைத் திறமை என்று கருதுகிறோம். ஜரீர் (ரலி) அவர்களுக்காக ஒரு குதிரை முந்நூறுக்குப் பேசப்பட்டபோது, இது அதற்கு மேலும் பெறும் என்று தாமே விலையை ஏற்றி எண்ணூறு கொடுத்தார்கள். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நாயகத்திடம் செய்த வாக்குறுதியே அதற்குக் காரணம். நம்மால் எண்ணூறு வரை ஏற முடியாது. நியாய விலையாவது கொடுக்கலாமே.

இனி, பலரும் அலட்சியம் செய்யும் பெயர் மாற்றத்துக்கு வருவோம். விற்றவர் வெற்றுப் படிவங்களில் கையொப்பமிட்டு ஆர்.சி. புத்தகத்தோடு தரகரிடம் கொடுத்துவிடுகிறார். வண்டி நான்கு கை மாறுகிறது. புத்தகத்தில் பெயர் மாறுவதில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவு, மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், வாங்கியவர் 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. இப்படிப் பல கை மாறிய ஒரு காரின் விபத்து வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர், நட்ட ஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. விபத்தில் அடிபட்ட ஏழை, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் அலையக் கூடாது என்பதே அதன் நோக்கம். கொடுக்கல் வாங்கலில் சாட்சி வைத்துக் கொள்ளும்படி பகரா அத்தியாயத்தின் 282-ஆவது வசனம் நமக்குக் கட்டளையிட்டிருக்கிறது. சட்டத்துக்கு முன்பே மார்க்கம் சொன்னதை, சட்டம் சொன்ன பிறகும் செய்யாமலிருக்கிறோம்.

ஜமாஅத்துகளுக்கு என் வேண்டுகோள் இது. பள்ளிவாசலுக்குள் வியாபாரம் பேசலாகாது. ஆனால் ஜமாஅத் அலுவலகத்தில் ஒரு பேரேடு வைக்கலாம். விற்பவர் தாம் அறிந்த குறைகளை அதில் எழுதட்டும். இரு சாட்சிகள் கையொப்பமிடட்டும். பெயர் மாற்றத்துக்குக் கெடுவும் குறிக்கப்படட்டும். மூன்று நாள் ஓட்டிப் பார்க்கும் உரிமையையும் அதில் சேர்க்க வேண்டும். வியாபாரத்தில் அடிக்கடி ஏமாந்து போன ஒரு தோழருக்கு, ஏமாற்று இருக்கக் கூடாது என்று சொல்லி வாங்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுக் கொடுத்தார்கள். மூன்று நாள் உரிமையும் அவருக்கு அளித்ததாக அறிவிப்பு உண்டு. மூன்று நாள் வரை இத்தகைய நிபந்தனையை இமாம் அபூஹனீஃபா, இமாம் ஷாஃபிஈ இருவருமே ஏற்கின்றனர். மூன்று விடியற்காலைகளில் குளிர்ந்த எஞ்சினைக் கிக்கரால் உதைத்துப் பார்த்தால் வண்டியின் இரகசியங்களில் பாதி வெளிவந்துவிடும். குறை கண்ட பிறகும் தொடர்ந்து ஓட்டிக் கொண்டிருந்துவிட்டு அப்புறம் திருப்ப வருவதை மட்டும் சட்டம் ஏற்காது.

இந்தப் பேரேடு முஸ்லிமிடம் விற்கும்போது மட்டும்தானா என்று கேட்கக் கூடும். உப்பிலியபுரத்திலும் துறையூரிலும் நம்மிடம் வண்டி வாங்குபவர்களில் பெரும்பாலோர் பிற சமயச் சகோதரர்கள். மோசடி எவரிடம் செய்தாலும் ஹராமே. அவர்கள் முன்னிலையில் நம் மார்க்கத்துக்குச் சாட்சியாக நிற்பது நாம் விற்ற வண்டிதான்.

ஏற்கெனவே குறையை மறைத்து விற்றுவிட்டவர்கள் தவ்பா செய்தால் போதுமா? அடியாரின் உரிமை சம்பந்தப்பட்டிருப்பதால் போதாது. வாங்கியவரைத் தேடிச் சென்று குறையைச் சொல்ல வேண்டும். அவர் வண்டியைத் திருப்பினால் பணத்தைக் கொடுத்துப் பெற்றுக் கொள்ள வேண்டும்; வைத்துக் கொள்ள விரும்பினால் குறைக்கு ஈடான தொகையைப் பேசித் தீர்க்க வேண்டும். அவர் மன்னித்துவிட்டால் அது அவருடைய பெருந்தன்மை. வண்டி பல கை மாறிவிட்டாலும் முதலில் தம்மிடம் வாங்கியவரிடமே போக வேண்டும். அவருக்கு அடுத்தவரிடம் அவர் போவார்.