காரிலேயே உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்கு

பிள்ளையைக் கிளினிக் வாசலில் இறக்கிவிடுகிறீர்கள். காரை நிழலில் நிறுத்தி, லேப்டாப்பைத் திறந்து ஆபீஸ் மீட்டிங்கில் சேர்ந்துவிடுகிறீர்கள். அம்மா மட்டும் உள்ளே போகிறார். சில வீடுகளில் அவரும் போவதில்லை. ஆன்லைன் சிகிச்சைக் குழுவாக இருந்தால் கேமராவையும் மைக்கையும் அணைத்துவிட்டு, அடுப்படியில் நின்றுகொண்டு "நாங்களும் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கோம்" என்கிறீர்கள். பெண்ணின் அரங்கேற்றம் என்றால் ஆறு மாதம் முன்னாலேயே லீவு சொல்லி, ஹால் பிடித்து, ஊரிலிருந்து பக்கவாத்தியக்காரர்களை வரவழைக்க நமக்குத் தெரிகிறது. அதே பெண் சாப்பிட மாட்டேன் என்று எலும்பும் தோலுமாக நிற்கும்போது வாரத்தில் ஒரு மாலை கிடைப்பதில்லையா? எனக்கு இது ஆறவில்லை. கோபமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோரில், "மல்டி ஃபேமிலி குரூப்பில் சேருங்கள்" என்று டாக்டர் சொல்லிக் கேட்டவர்களுக்காக இது. அனரெக்சியா, கையைக் கீறிக்கொள்வது, மனச்சோர்வு, சைக்கோசிஸ் என்று நோய் எதுவாகவும் இருக்கலாம். ஏற்பாடு ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே மாதிரித் தொல்லையில் தவிக்கும் ஐந்தாறு குடும்பங்கள், சில இடங்களில் ஏழெட்டு, ஒரே அறையில் உட்காரும். நோயாளிப் பிள்ளை, அம்மா, அப்பா, பல சமயம் தம்பி தங்கைகளும். நடத்துவதற்குப் பெரும்பாலும் இரண்டு தெரபிஸ்டுகள்.

"பிரச்சினை அவளுக்குத்தானே, எங்களுக்கு எதுக்கு தெரபி?" என்று என்னிடமே கேட்டிருக்கிறீர்கள். உங்களால்தான் நோய் வந்தது என்று அங்கே யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் தெரபிஸ்ட் அவளைப் பார்ப்பது வாரத்தில் ஓரிரு மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் அவள் இருப்பது உங்கள் வீட்டில், சாப்பிடுவதும் சாப்பிட மறுப்பதும் உங்கள் மேசையில். டியூஷனுக்கு அனுப்புவது போல வாசலில் விட்டுவிட்டு முடிந்ததும் கூட்டிப்போகிற காரியமாக இதை எடுத்துக்கொண்டால் அவளுக்கு ஒன்றும் நடக்காது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. நம்மில் பலர் அதை யோசிப்பதே இல்லை. இந்தச் சிகிச்சையில் மற்ற குடும்பங்கள்தான் மருந்து. நீங்கள் வராத அன்று நஷ்டம் உங்கள் பிள்ளைக்கு மட்டுமில்லை. உங்களைப் பார்த்தும், உங்கள் பேச்சைக் கேட்டும் தெளியவேண்டிய இன்னொருவர் பிள்ளைக்கும்தான்.

எங்கள் மகளுக்கு அனரெக்சியா. அறையில் கேட்டது அறையோடு என்று கையெழுத்துப் போட்டிருப்பதால் மற்றவர்களை அடையாளம் காட்டும்படி ஒரு வரியும் எழுதமாட்டேன். எங்கள் பக்கத்தில் நடந்ததை மகளின் சம்மதத்தோடு சொல்கிறேன். தொடக்கத்தில் தொடர்ச்சியாகச் சில நாள், காலையிலிருந்து மாலைவரை நடத்தினார்கள். மதியச் சாப்பாட்டை அவரவர் வீட்டிலிருந்தே கொண்டுவந்து, எல்லாக் குடும்பமும் ஒரே கூடத்தில் சாப்பிட வேண்டும். ஒரு நாள் பிள்ளைகளை இடம் மாற்றி உட்காரவைத்தார்கள். என் எதிரில் வேறு வீட்டுப் பிள்ளை. கூடத்தின் அந்தக் கோடியில், தன் தயிர்சாத டப்பாவோடு என் மகள், வேறொரு அம்மாவின் எதிரில்.

என் மகளிடம் "இன்னும் ஒரு வாய்" என்று சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். அவள் கண் கலங்கினால் தட்டை எடுத்துவிடத் தோன்றும். இந்தப் பிள்ளையிடம் அப்படி ஒன்றும் ஆகவில்லை. "தட்டில் இருக்கறது முடியற வரைக்கும் நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன், அவசரமில்லை" என்பதை ஆங்கிலத்தில் சொன்னேன். குரல் நடுங்கவில்லை, கெஞ்சவில்லை, அதட்டவும் இல்லை. அந்தக் கோடியில், டப்பாவில் இருப்பது இன்னதென்றே தெரியாத அந்த அம்மா, ஸ்பூனைத் தொட்டுக்காட்டி ஏதோ இரண்டு வார்த்தை சொன்னார். மகள் சாப்பிட்டாள். ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு, கடைசிப் பருக்கை வரைக்கும்.

பிறகு வட்டமாக உட்கார்ந்து பேசினோம். வேறு பிள்ளையிடம் வந்த அந்தக் குரல் எங்கிருந்து வந்தது, சொந்தப் பிள்ளையிடம் ஏன் வரவில்லை என்று தெரபிஸ்ட் ஒவ்வொருவரிடமும் கேட்டார். அன்று இரவுச் சாப்பாட்டின்போது அந்தக் குரலில் பாதியாவது என்னோடு வீட்டுக்கு வந்தது. எத்தனை புத்தகம் படித்தாலும் அது வந்திருக்காது. அந்த அம்மா அன்றைக்கு "ஆபீஸில் ரிலீஸ் இருக்கு" என்று வராமல் இருந்திருந்தால் என் மகளின் எதிரில் யார் உட்கார்ந்திருப்பார்கள்? உங்கள் காலி நாற்காலியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் தோன்றுகிறது.

புதிதாக யாரோ கிளப்பிவிட்ட மோஸ்தர் என்று நினைக்காதீர்கள். 1950களில் நியூயார்க்கின் குவீன்ஸில், கிரீட்மோர் அரசு மனநல மருத்துவமனையில், ஸ்கிசோஃப்ரினியா நோயாளிகளையும் அவர்கள் குடும்பங்களையும் சேர்த்து உட்காரவைத்துப் பார்த்தவர் பீட்டர் லாக்கூர் என்ற மருத்துவர். ஃபிளஷிங் பிள்ளையார் கோயில் கேன்டீனில் தோசை சாப்பிட்டவர்களுக்கு அந்த இடம் ஒன்றும் தூரமில்லை. அவருக்குப் பின் வில்லியம் மக்ஃபார்லேனும் அவர் குழுவும் நியூயார்க் மாநிலத்தின் 6 பொது மருத்துவமனைகளில் 172 நோயாளிகளை வைத்துச் சோதித்து 1995இல் முடிவை வெளியிட்டார்கள். தனித்தனிக் குடும்பமாகப் பயிற்சி பெற்றவர்களில் இரண்டு ஆண்டுக்குள் நோய் திரும்பியது 27 சதவீதம் பேருக்கு. பல குடும்பங்களாகச் சேர்ந்து பெற்றவர்களில் 16 சதவீதம். சொல்லிக்கொடுத்த விஷயம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றே. கூட உட்கார்ந்தவர்கள்தான் வித்தியாசம்.

அனரெக்சியாவுக்கு இதைக் கொண்டுவந்தவர்கள் ஜெர்மனியின் டிரெஸ்டனிலும் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையிலும் இருந்த குழுக்கள். ஐவன் ஐஸ்லரின் லண்டன் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வில், தனிக்குடும்பச் சிகிச்சை மட்டும் பெற்ற பிள்ளைகளில் 60 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவானவர்கள் ஓராண்டு முடிவில் தேறியிருந்தார்கள்; பல குடும்பக் குழுவும் சேர்ந்தபோது 75 சதவீதத்துக்கு மேல். அடுத்த ஆறு மாதத்தில் அந்த இடைவெளி புள்ளியியல் கணக்கில் உறுதியாகச் சொல்ல முடியாதபடி குறைந்தது என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது, மறைக்கவேண்டியதில்லை. அனரெக்சியாவில் ஒரு பிள்ளை சில மாதம் முன்னதாகத் தேறுவது என்ன பெறும் என்று, அவள் நாடித்துடிப்பு இறங்கி ஆஸ்பத்திரியில் படுத்ததைப் பார்த்தவர்களிடம் கேளுங்கள். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகளுக்கான டிபிடி என்ற உளவியல் சிகிச்சையிலும் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து உட்காரும் வாரக் குழு ஒரு முக்கிய அங்கம். ஆஸ்லோவில் 77 பிள்ளைகளை வைத்து நடந்து 2014இல் வெளியான ஆய்வில் அது வாரம் 2 மணி நேரம், 19 வாரம் நடந்தது.

அடுத்து, "நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?" தமிழ்ச் சங்கத்தில் பார்த்த முகம் ஒன்று அறைக்குள் இருந்துவிடுமோ என்பதுதானே பயம்? இருக்கலாம். இருந்தால் அவர்களும் தங்கள் பிள்ளைக்காகத்தான் வந்திருக்கிறார்கள். தெரபிஸ்ட் வெளியே பேசக்கூடாது என்பது சட்டம், 1996இன் ஹிப்பா அவரைக் கட்டுப்படுத்துகிறது. மற்ற குடும்பங்களைக் கட்டுவது அந்தச் சட்டமில்லை, அவர்கள் கொடுத்த வாக்கு. இது தெரிந்தே போங்கள். சேர்வதற்கு முன் "தெரிந்தவர்கள் இருந்தால் முன்கூட்டியே சொல்வீர்களா, வேறு குழு உண்டா" என்று கேட்பதில் தவறில்லை. கல்லூரிக்குத் தெரிந்துவிடும் என்ற பேச்சை மட்டும் விட்டுவிடுங்கள். விண்ணப்பத்தோடு யாரும் மருத்துவப் பதிவை அனுப்புவதில்லை.

இனி பணம். "இவ்வளவு ஆகுமா?" என்று முதல் பில்லிலேயே நிறுத்திவிட்ட வீடுகளை எனக்குத் தெரியும். விசாரிக்காமல் நிறுத்தியதுதான் எனக்கு வருத்தம். இந்தச் சிகிச்சைக்குப் பில்லில் போடத் தனிக் குறியீடு உண்டு: 90849. பிள்ளைகள் மட்டும் உட்காரும் குழுவுக்கு 90853. உங்கள் குடும்பம் மட்டும் தெரபிஸ்டோடு உட்கார்ந்தால், பிள்ளையும் இருக்கும்போது 90847, பிள்ளை இல்லாதபோது 90846. பில்லில் எது இருக்கிறது என்று பாருங்கள், மாற்றிப் போட்டிருந்தால் கேளுங்கள். 90849க்கு நிமிடக் கணக்கு இல்லை, தலைக் கணக்கும் இல்லை. ஒரு அமர்வுக்குக் குடும்பத்துக்கு ஒரு முறைதான் போடவேண்டும். நோயாளியாகப் பதிவாவது பிள்ளை மட்டும். உங்கள் பெயரில் எந்த நோயும் ஏறாது. அப்பா கூட வந்தாலும் அதே கட்டணம். ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டியைக் கூட்டிப்போனாலும் அதே கட்டணம். பல வீடுகளில் மதியம் அவளுக்குச் சோறு போடுவதே பாட்டிதான். இங்கிலீஷ் தெரியாதே என்றால், அரசு நிதி பெறும் மருத்துவமனைகள் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தரவேண்டும். கேட்டால் ஏற்பாடு செய்வார்கள்.

இன்சூரன்ஸ் அட்டையின் பின்பக்கம் இருக்கும் எண்ணுக்கு, சேர்வதற்கு முன்பே கூப்பிடுங்கள். குறியீட்டைச் சொல்லி, இது எங்கள் பிளானில் உண்டா, முன் அனுமதி வேண்டுமா, டிடக்டிபிள் எவ்வளவு மிச்சம், கோ-பே எவ்வளவு என்று கேளுங்கள். எல்லா பிளானும் இதை ஏற்பதில்லை. பேசியவரின் பெயரையும் தேதியையும் அழைப்பு எண்ணையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை தினசரி சிகிச்சைத் திட்டத்தில் இருந்தால் குழுவும் பெரும்பாலும் அந்த நாள் கட்டணத்துக்குள் அடங்கிவிடும், தனியாக ஒரு வரி வந்தால் ஏன் என்று கேட்கலாம். நெட்வொர்க்கில் இல்லாத கிளினிக் என்றால் சூப்பர்பில் என்ற விவரமான பில்லை வாங்கி இன்சூரன்ஸுக்கு நீங்களே அனுப்பவேண்டும். எஃப்எஸ்ஏ, எச்எஸ்ஏ பணத்தை இதற்குப் பயன்படுத்தலாம்.

மறுத்துக் கடிதம் வந்தால் அதோடு கதை முடிந்ததென்று விட்டுவிடாதீர்கள். எங்களுக்கும் வந்தது. பெரும்பாலான பிளான்களில் 180 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதையும் மறுத்தால், மருத்துவக் காரணம் காட்டி மறுத்தவற்றுக்கு, இன்சூரன்ஸைச் சேராத வெளியாட்களின் மறுபரிசீலனையை நான்கு மாதத்துக்குள் கேட்கும் உரிமை உண்டு. மனநலச் சிகிச்சைக்குப் பணம் தரும் பிளான், உடல் நோய்க்கு இருப்பதைவிடக் கடுமையான நிபந்தனைகளை அதன்மேல் சுமத்தக்கூடாது என்று 2008ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. முறையீட்டில் அதைக் குறிப்பிடுங்கள், தெரபிஸ்டிடம் மருத்துவத் தேவைக் கடிதம் வாங்கிச் சேர்த்து அனுப்புங்கள். எச்-1பி விண்ணப்பத்தில் ஒரு காற்புள்ளி விடாமல் சரிபார்க்கிறவர்கள் நாம். இது நமக்கு முடியாத வேலையா?

எல்லா வீட்டுக்கும் எல்லா நேரத்திலும் இது பொருந்தாது. வீட்டில் அடிதடி இருந்தால், பிள்ளைக்கு ஒருவரைப் பார்த்தாலே பயம் என்றால், முதலில் தெரபிஸ்டிடம் தனியாகச் சொல்லுங்கள். அவர் வேறு வழி சொல்வார். பிள்ளை உயிரை விடுவது பற்றிப் பேசினால் அடுத்த குழு நாள் வரைக்கும் காத்திருக்காமல் 988ஐ அழையுங்கள். உள்ளே வந்து உட்கார்ந்தபின், பிள்ளையிடம் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள். அடுத்த வீட்டுப் பிள்ளை எத்தனை பவுண்டு ஏறியிருக்கிறாள் என்று ஒப்பிடாதீர்கள். எடை கொஞ்சம் ஏறியதும் "சரியாயிடுச்சு" என்று பாதியில் நிறுத்தாதீர்கள்.

கடைசியாக, லீவு கிடைக்காது என்கிற அப்பாக்களுக்கு. எஃப்எம்எல்ஏ என்று 1993இலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. 50 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் ஓராண்டு வேலை பார்த்து, அதில் 1,250 மணி நேரம் உழைத்தவருக்கு, பிள்ளையின் கடும் நோய்க்காக ஆண்டுக்கு 12 வாரம் வரை சம்பளமில்லா லீவு உண்டு. மனநோயும் அதில் அடங்கும். மொத்தமாக எடுக்கவேண்டியதில்லை, வாரம் ஒரு பிற்பகல் என்றும் எடுக்கலாம். விசாவில் வேலை பார்க்கிறவருக்கும் அதே உரிமைதான். மருத்துவச் சான்றுக்கான படிவம் டபிள்யூஎச்-380-எஃப், தொழிலாளர் துறையின் இணையதளத்தில் கிடைக்கும். இந்த வாரமே அச்செடுத்து, குழு தொடங்கும் முதல் நாளில் டாக்டரிடம் கொடுத்து நிரப்பி வாங்கிவிடுங்கள்.